ஆர்கானிக், நாட்டு, மேய்ச்சல்: வேலூரில் எதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்?

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், சாப்பாட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை கூடுதலாக ஒதுக்க முடியும். நாட்டு மாட்டுப் பால், நாட்டுக்கோழி முட்டை, ஆர்கானிக் காய்கறி என்று எல்லாவற்றுக்கும் மாறச் சொல்லி அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள், இதில் எது உண்மை, எது வெறும் விளம்பரம் என்பது கேள்வி.

நான் அணைக்கட்டுப் பக்கம் மாட்டுத்தீவனமும் கோழித்தீவனமும் விற்கிறவன், கொஞ்சம் நிலமும் உண்டு. எந்தப் பண்ணைக்கு மாதம் எத்தனை மூட்டை போகிறது என்பது எனக்குத் தெரியும், அந்தப் பண்ணையின் கோழி வேலூர்க் கடையில் என்ன பெயரில் தொங்குகிறது என்பதும் தெரியும். அதனால் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பணத்தைச் சமமாகப் பிரிக்காதீர்கள். பெரும்பங்கு காய்கறிக்கும் கீரைக்கும் போகட்டும். முட்டைக்குக் கொஞ்சம் கொடுக்கலாம், ஆனால் ஆள் தெரிந்து வாங்கினால்தான். பாலுக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. ஆட்டுக்கறிக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். ஏன் என்று இனிமேல் சொல்கிறேன்.

முட்டையில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதில்தான் உண்மையும் கதையும் அதிகமாகக் கலந்து கிடக்கின்றன. புரதத்தைப் பொறுத்தவரை நாமக்கல் கூண்டு முட்டைக்கும் கொல்லையில் மேயும் கோழி முட்டைக்கும் வித்தியாசம் கிடையாது. சொல்லப்போனால் நாட்டு முட்டை நாற்பது கிராம்தான் இருக்கும், லேயர், அதாவது முட்டைக்கென்றே கூண்டில் வளர்க்கும் கோழியின் முட்டை ஐம்பத்தைந்து கிராம் வரை வரும், ஆக ஒரு முட்டைக்குக் கிடைக்கும் புரதம் நாட்டு முட்டையில் குறைவு. வித்தியாசம் இருப்பது வேறு இடத்தில். வெயிலில் திரியும் கோழியின் மஞ்சள் கருவில் வைட்டமின் டி, கொட்டகைக்குள்ளேயே இருக்கும் கோழியினுடையதை விட மூன்று நான்கு மடங்கு இருப்பதாக ஜெர்மனியில் 2014-ல் அளந்து பார்த்திருக்கிறார்கள். புல், கீரை, பூச்சி தின்னும் கோழியின் முட்டையில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு, வைட்டமின் இ இரண்டும் கூடும். இது உண்மையான லாபம், வெயிலுக்கு வேலூரில் பஞ்சமே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த லாபம் கோழியின் இனத்தால் வருவதில்லை, அது வெளியே திரிவதாலும் தின்பதாலும் வருவது. அசல் நாட்டு இனக் கோழியைக் கொட்டகையில் அடைத்து மூட்டைத் தீவனம் போட்டால் முட்டை சிறியதாக இருக்கும், விலை கூடும், அவ்வளவுதான்.

மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் நல்ல முட்டை என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அந்த நிறம் கரோட்டினாய்டு நிறமிகளால் வருவது. கோழி கீரை தின்றாலும் வரும், தீவனத்தில் மக்காச்சோளம் தூக்கலாக இருந்தாலும் வரும், செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுத்த நிறமிப் பொடியைக் கலந்தாலும் வரும். அந்தப் பொடி தீவனக்காரர்களிடம் சாதாரணமாகக் கிடைக்கும் சரக்கு, தப்பான பொருளும் இல்லை, ஆனால் அதைப் பார்த்து யாரும் இரண்டு மடங்கு காசு கொடுக்க வேண்டியதில்லை. ஓடு பழுப்பாக இருப்பதற்கும் சத்துக்கும் சம்பந்தமே கிடையாது, அது இனத்தின் குணம்.

அப்புறம் நாட்டுக்கோழி என்று விற்கும் கறி. இதில் பெரும்பகுதி கலப்பினம், கொட்டகையில் மூன்று மாதம் போல வளர்வது. முதல் மாதம் கம்பெனி ஸ்டார்டர் தீவனம், அப்புறம் தவிடு, சோளம், ஓட்டலில் மிஞ்சியது என்று ஓடும். பிராய்லரை விடக் கறி கெட்டியாக இருக்கும், வயது கூடியதால் ருசியும் கூடும். ருசிக்காக வாங்குங்கள், நானும் அதற்காகத்தான் வாங்குகிறேன். மருந்தில்லாத கோழி என்று நினைத்து வாங்காதீர்கள், அது வளர்த்தவரைப் பொறுத்தது. பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆயிரக்கணக்கான கோழிகளைத் தினமும் பிடித்து ஊசி போட யாருக்கும் ஆள் கிடையாது, கட்டுப்படியும் ஆகாது. 35 முதல் 42 நாளில் இரண்டு கிலோ வருவது பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனப்பெருக்கத்தாலும் தீவனத்தாலும். உண்மையில் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் பற்றி. கோழி சீக்கிரம் எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலந்து வந்த கொலிஸ்டின் என்ற மருந்தை மத்திய அரசு 2019-ல் உணவுக்கான கால்நடைகளுக்குத் தடை செய்தது. மனிதர்களுக்கு மற்ற மருந்தெல்லாம் தோற்ற பிறகு கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது, அதைக் கோழிக்கு இரைத்துக்கொண்டிருந்தோம். இப்படி இரைப்பதால் உருவாகும், ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி நன்றாக வேகவைத்தால் செத்துவிடும், ஆனால் பச்சைக் கறி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இதற்குப் பரிகாரம் தனிப் பலகை, கூடுதல் செலவு எதுவும் இல்லை.

பாலுக்கு வருகிறேன், இது பெரிய கதை. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்து ஆட்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, ஆர்கானிக் பாலிலும் இறைச்சியிலும் ஒமேகா-3 சுமார் 50 சதவீதம் அதிகம் என்று 2016-ல் வெளியிட்டார்கள். விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த எண்ணைத்தான். ஆனால் ஐம்பது சதவீதம் எதன் மேல் என்று பார்க்க வேண்டும். ஒரு தம்ளர் பாலில் மொத்த ஒமேகா-3 சில பத்து மில்லிகிராம், அது பாதி கூடினால் இன்னும் இருபது முப்பது மில்லிகிராம். நூறு கிராம் மத்தி மீனில் ஒரு கிராமுக்கு மேல் இருக்கிறது. வாரம் ஒரு நாள் மத்தி வாங்கிக் குழம்பு வைத்தால் அந்தப் பால் கணக்கு முடிந்தது.

இன்னொன்று, அங்கே அந்த லாபம் வந்தது ஆர்கானிக் சான்றிதழால் இல்லை, மாடு பச்சைப் புல் தின்றதால். அமெரிக்காவில் ஆர்கானிக் பால் என்று விற்க வேண்டுமானால் மாடு வருடத்தில் குறைந்தது 120 நாள் மேய வேண்டும், அந்த மேய்ச்சல் காலத்தில் தீவனத்தின் உலர் எடையில் 30 சதவீதமாவது மேய்ச்சலில் வர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் ஊரில் என்ன நிலைமை? மேய்க்கால் புறம்போக்கு என்று கணக்கில் இருந்த நிலமெல்லாம் வீட்டுமனையாகவும் கட்டடமாகவும் போய்விட்டது. ஐப்பசி, கார்த்திகையில் வரப்பில் புல் இருக்கும், சரி. சித்திரை, வைகாசியில் குடியாத்தம் பக்கமோ கணியம்பாடி பக்கமோ போய்ப் பாருங்கள், காங்கேயம் மாடானாலும் ஜெர்சி கலப்பானாலும் வாயில் இருப்பது காய்ந்த வைக்கோல். வைக்கோல் தின்னும் நாட்டு மாட்டுப் பாலை விட, வருடம் முழுக்க கோ-4 புல், அகத்தி, வேலிமசால் என்று பசுந்தீவனம் வெட்டிப் போடுகிறவர் வீட்டு ஜெர்சிப் பாலில் அந்த நல்ல கொழுப்பு கூடுதலாக இருக்கும். நம்ப மாட்டீர்கள் என்றால் அந்த வீட்டு நெய்யைப் பாருங்கள், பச்சை தின்னும் பசுவின் நெய் நல்ல மஞ்சளாக இருக்கும். எருமைக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது, அது எங்கே மேய்ந்தாலும் நெய் வெள்ளைதான்.

ஏ2 பால் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். பீட்டா கேசின் என்ற பால் புரதத்தில் இருக்கும் இரண்டு வகைதான் ஏ1, ஏ2. நம் நாட்டுப் பசுக்களின் பாலில் பெரும்பாலும் ஏ2 புரதம்தான், உண்மை. எருமைப் பாலிலும் அதேதான், ஆனால் எருமைப் பாலை யாரும் அழகான பாட்டிலில் அடைத்து அந்தப் பெயரில் விற்பதில்லை. ஏ1 பால் குடித்தால் சர்க்கரை நோய் வரும், இதய நோய் வரும் என்பதெல்லாம் நிரூபணம் ஆகவில்லை. 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடக்கூடாது என்று உத்தரவு போட்டு, ஒரு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றதால் அந்த எழுத்துக்கு மதிப்பு வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. அவ்வளவு ஆசையாக இருந்தால் எருமைப் பால் வாங்குங்கள், கொழுப்பும் கூட, தயிரும் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறையும்.

பாலில் நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு, அதை யாரும் கேட்பதே இல்லை. பூஞ்சை. நம் பக்கம் வேர்க்கடலை அதிகம், கடலைப் புண்ணாக்கும் அதிகம். கடலை அறுவடையில் மழை பட்டு, சரியாகக் காயாமல் மூட்டை கட்டினால் ஒரு பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அந்தக் கடலையின் புண்ணாக்கை மாடு தின்றால், நஞ்சு கொஞ்சம் மாறி எம்1 என்ற வடிவத்தில் பாலுக்கு வரும். காய்ச்சினாலும் போகாது. 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது 5.7 சதவீதத்தில் இது வரம்புக்கு மேல் இருந்தது, அந்தப் பட்டியலில் முன்னால் நின்ற மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தண்ணீர் கலந்த பாலைத் திட்டுகிறோம், இதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆர்கானிக் புண்ணாக்கானாலும் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், நாட்டு மாடு தின்றாலும் பாலில் வரும். புல் அதிகமும் புண்ணாக்கு குறைவுமாகத் தின்னும் மாட்டுக்கு இந்த ஆபத்து குறைவு, மேய்ச்சலுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். மரச்செக்கு எண்ணெய் வாங்கும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும். சொத்தைக் கடலையை ஆட்டினால் அந்த நஞ்சில் கொஞ்சம் எண்ணெயோடு வரும், ரீபைண்டு பண்ணும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடுகிறது, செக்கு எண்ணெயில் நீங்க வழியில்லை. அதனால் செக்குக்காரரிடம் கடலைப் பருப்பைக் காட்டச் சொல்லுங்கள். கறுத்ததும் சுருங்கியதும் பொறுக்கி எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். முகம் சுளித்தால் வேறு செக்கு.

ஆக, பாலுக்கு விலையைக் கூட்டுவதை விட வீட்டைப் பார்த்து வாங்குங்கள். சத்துவாச்சாரியிலிருந்து கொஞ்ச தூரம் வண்டியில் போனால் நாலைந்து மாடு வைத்திருக்கும் வீடுகள் கிடைக்கும். புண்ணாக்கு மூட்டை தரையில் கிடக்கிறதா, கட்டை மேல் இருக்கிறதா, மாட்டுக்கு மடிநோய் வந்து ஊசி போட்டால் பாலை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மருந்து போட்டதிலிருந்து டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் பாலை ஊற்றிவிடுவோம் என்று தயங்காமல் சொல்கிறவர் கிடைத்தால் வழக்கமான விலைக்கு மேல் ஐந்து ரூபாய் நீங்களாகவே சேர்த்துக் கொடுங்கள். அப்படி ஆள் கிடைக்கவில்லையா, ஆவின் பாக்கெட்டே வாங்கிக் காய்ச்சுங்கள், குற்ற உணர்ச்சி எதற்கு.

ஆட்டுக்கறி ஒரே வரி. பரண் போட்டு அடைத்து வளர்ப்பது இப்போதுதான் கொஞ்சம் வருகிறது, மற்றபடி இந்த மாவட்டத்து ஆடுகள் காலங்காலமாக மேய்ந்துதான் வளர்கின்றன, அதையே மேய்ச்சல் ஆடு என்று சீட்டு ஒட்டிக் கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

காய்கறிதான் பணம் போக வேண்டிய இடம். சத்துக்காக இல்லை, அதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்வோம். 2012-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் தொகுத்ததில் வைட்டமின் கணக்கில் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் பூச்சிமருந்து எச்சம் ஆர்கானிக்கில் தெளிவாகக் குறைவு. 2014-ல் நியூகாசில் தொகுப்பில் ஆர்கானிக் விளைச்சலில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் கூடுதலாகவும் காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவாகவும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், மருந்து எச்சத்துக்காகப் பணம் கொடுப்பது நியாயம், கூடுதல் வைட்டமினுக்காகக் கொடுப்பது அவ்வளவு நியாயம் இல்லை.

அதிலும் எல்லாக் காய்க்கும் வேண்டாம். நம் ஊர்க் கத்திரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தக் காய்க்கு நான் அடிமை, எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் புவிசார் குறியீடு விளைந்த இடத்துக்கும் இனத்துக்கும் கொடுப்பது, மருந்தடிக்காத காய் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. கத்திரியில் தண்டுத்துளைப்பான், காய்த்துளைப்பான் என்று ஒரே புழு இரண்டு வேலையும் செய்யும். உள்ளே போய்விட்டால் மருந்து எட்டாது, அதனால் உள்ளே போவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும் என்று வாரம் ஒரு முறை, சில தோட்டங்களில் இரண்டு முறை அடிக்கிறார்கள். மருந்தடித்த பிறகு சில நாள் காய் பறிக்காமல் இருக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், ஆனால் விலை ஏறிய நாளில் யார் பொறுத்திருக்கிறார்கள்? இதே கணக்குதான் வெண்டை, பச்சை மிளகாய், காலிபிளவர், கொத்தமல்லி, கறிவேப்பிலைக்கும். கறிவேப்பிலையை யாரும் சந்தேகப்படுவதில்லை, அதுதான் மோசமான ஒன்று. ஒரு கன்று வாங்கி வீட்டு ஓரத்தில் வைத்துவிடுங்கள்.

தேங்காய், பூசணி, சுரைக்காய், வெங்காயம், சேனை, வீட்டு முருங்கை, இவற்றுக்கெல்லாம் ஆர்கானிக் விலை கொடுப்பது தண்டம். ஜவ்வாது மலைச் சாமையும் அப்படித்தான். அங்கே வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் மானாவாரியில் விதைத்து மழையை நம்பி எடுப்பது, மருந்தடிக்கக் காரணமே வராத பயிர். சாமை என்று கேட்டு வாங்கினால் போதும். கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை: ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியிருக்கும் மருந்து கணிசமாகப் போகும், உப்போ புளியோ போட்ட தண்ணீரில் ஊறவைப்பதும் உதவும். ஆனால் இமிடாகுளோப்ரிட் போல வேர் வழியாகவும் இலை வழியாகவும் செடிக்குள்ளேயே ஊடுருவும் மருந்தை எந்தத் தண்ணீரும் கழுவாது.

இப்போது வடாற்காட்டுக்காரர்கள் மட்டும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது, கோயம்புத்தூர்க்காரருக்கோ தஞ்சாவூர்க்காரருக்கோ இது புரியாது. அந்தத் தோட்டத்துக் கிணறு எங்கே இருக்கிறது? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, வாலாஜா என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடிக்குப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலேயே, தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழகக் கணக்கெடுப்பு இடம்பெற்றிருக்கிறது. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலைபோல் கிடந்த கதை நமக்கெல்லாம் தெரியும். இந்த நிலத்தில் ஒருவர் பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் வேப்பங்கொட்டைக் கரைசலும் மட்டுமே தெளித்து உண்மையாகவே இயற்கை விவசாயம் செய்யலாம். கிணற்றுத் தண்ணீரில் இருப்பதை அவர் போடவில்லை, ஆனால் அது வருகிறது. அந்தக் காயை விட, ஒடுகத்தூர் மலையடிவாரத்து நல்ல தண்ணீரில் அளவாக மருந்தடித்து விளைந்த காயை நான் என் வீட்டுக்கு எடுத்துப்போவேன்.

மேயும் கோழிக்கும் இதேதான். கூண்டுக் கோழி தரையையே தொடுவதில்லை, மேயும் கோழி நாள் முழுக்க மண்ணைக் கிளறித் தின்கிறது. மண்ணில் ஈயம் இருந்தால் முட்டையில் வரும், குப்பையும் பிளாஸ்டிக்கும் எரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மேய்ந்தால் டயாக்சின் என்ற நஞ்சு மஞ்சள் கருவின் கொழுப்பில் சேரும். பல நாடுகளில் அளந்து பார்த்த விஷயம் இது. ஆக, தொழிற்சாலை ஓரத்துத் தெருவில், பழைய பேட்டரி உடைக்கிற கடைக்குப் பின்னால் திரியும் கோழியின் முட்டையை நாட்டு முட்டை என்று பிள்ளைக்குக் கொடுப்பதை விட நாமக்கல் முட்டை எவ்வளவோ மேல். முட்டையை மலையடிவாரத்து ஊர்களிலிருந்தோ, சுத்தமான மண் என்று உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தோ வாங்குங்கள்.

விலை ஏன் இவ்வளவு என்று விவசாயியிடம் சண்டை போடாதீர்கள். உலக அளவில் பார்த்தால் ஆர்கானிக் விளைச்சல் சராசரியாக இருபது இருபத்தைந்து சதவீதம் குறைவு, களையெடுக்க ஆள் கூலி தனி. நாட்டுக்கோழி வருடம் அறுபது எண்பது முட்டை போடும், லேயர் முந்நூறு போடும், இந்தக் கணக்கிலேயே விலை புரிந்துவிடும். இலங்கையில் 2021-ல் ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, நெல் விளைச்சல் விழுந்து, அதே வருடம் பின்வாங்கியதைப் பார்த்தோம். எனக்கு இயற்கை விவசாயத்தின் மேல் மரியாதை இருப்பதற்குப் பெரிய காரணம், சாப்பிடுகிறவரை விட மருந்தடிக்கிறவர்தான். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, எதிர்காற்றில் டேங்கைச் சுமந்து அடிக்கிற கூலிக்காரருக்குத்தான் அந்த நஞ்சு முதலில் போகிறது. உங்கள் கூடுதல் காசில் கொஞ்சம் அதற்காகவும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சான்றிதழ். பாக்கெட்டில் அடைத்து ஆர்கானிக் என்று விற்றால் அரசின் ஆர்கானிக் முத்திரை இருக்க வேண்டும், 2017-ல் வந்த விதிமுறையில் அது ஜைவிக் பாரத் என்ற முத்திரை. அதற்குப் பின்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று என்பிஓபி, வெளி நிறுவனம் வந்து பார்த்துச் சான்று கொடுப்பது. இன்னொன்று பிஜிஎஸ், விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை இன்னொருவர் சோதிப்பது. என்பிஓபி-யில் ரசாயனத்தை நிறுத்தியதிலிருந்து ஒரு பருவப் பயிருக்கு இரண்டு வருடம், மா, தென்னை போன்றவற்றுக்கு மூன்று வருடம் மாற்றுக் காலம் உண்டு, அதனால் போன தீபாவளிக்குத்தான் ஆரம்பித்தோம், முழு ஆர்கானிக் என்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. வருட விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சின்ன விவசாயி நேரடியாக விற்றால் சான்றிதழ் கட்டாயம் இல்லை. ஆக, டோல்கேட் உழவர் சந்தையில் கூடை வைத்து உட்கார்ந்திருப்பவரிடம் முத்திரை எங்கே என்று கேட்பது நியாயமில்லை. அவரிடம் வேறு கேளுங்கள்: காய்த்துளைப்பானுக்கு என்ன பண்ணுகிறீர்கள்? இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருக்கிறேன், புழு விழுந்த நுனியைக் கிள்ளி எடுக்கிறேன், அப்படியும் பத்துக்கு மூன்று காய் சொத்தைதான் என்று அலுத்துக்கொண்டால் அவரிடம் வாங்குங்கள். எங்கள் தோட்டத்துக்குப் பூச்சியே வராது என்றால் அடுத்த கூடைக்குப் போய்விடுங்கள். காலை ஏழு மணிக்குள் போனால்தான் அந்த ஆட்கள் இருப்பார்கள், எட்டுக்கு மேல் பெரும்பாலும் கைமாற்றி விற்கிறவர்கள்.